இரண்டாம் தொட்டியின் பசி

அந்தத் தொட்டி மூச்சு விட்டது. இதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் குடிகாரர்கள், மீதிப்பேர் பயந்தாங்கொள்ளிகள் என்று தள்ளிவிடலாம். சுந்தரதாஸ் அந்த இரண்டு வகையிலும் சேராதவன். ரப்பர்பால் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் மோட்டார் பார்த்தவன், சபைக்குப் போகத் தொடங்கிய பிறகு பீடியைக்கூட விட்டவன். அவனே அதைக் காதால் கேட்டிருக்கிறான், அதுவும் பட்டப்பகலில்.

கம்பெனி பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில், ஒரு ரப்பர்த் தோட்டச் சரிவின் உச்சியில் இருந்தது. பால் உறைந்துபோகாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். அந்த அமோனியாக் கழிவுநீர் ஒரு காலத்தில் அப்படியே ஓடையில் இறங்கியது. மீன் செத்து மிதந்தது. தனுவச்சபுரம் பஸ்ஸில் காலேஜுக்குப் போகும் பிள்ளைகள் கம்பெனி வளைவு வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்கள். ஊர் திரண்டு வந்து கேட்டை மறித்த பிறகுதான் முதலாளிக்கு மூக்கு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. தொண்ணூற்று மூன்றில் கோட்டயத்திலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்து மூன்று தொட்டி கட்டினார்.

முதல் தொட்டியில் ஒரு பெரிய விசிறி இரவும் பகலும் தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்று பேசினால் பேசியவனுக்கே கேட்காது. மூன்றாம் தொட்டியில் மண்டி அடியில் தங்கிவிடும். தெளிந்த தண்ணீர் மட்டும் ஒரு வாய்க்கால் வழியாகச் சரிவில் இறங்கி, வீடுகளுக்கு மேலே மண்ணில் ஊறிப்போகும். இரண்டுக்கும் நடுவில் இருந்ததுதான் இரண்டாம் தொட்டி. மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடி, ஓர் ஆள் இறங்கும் அளவுக்குச் சதுரமாக ஒரு வாய் மட்டும் விட்டிருந்தார்கள். அதற்குள் மோட்டாரும் கிடையாது, விசிறியும் கிடையாது. ஆனாலும் அது சும்மா இருக்காது. இருட்டுக்குள்ளிருந்து 'புளுக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் நிற்கும். பிறகு நாலைந்து சேர்ந்து வரும், தூங்குகிறவன் புரண்டு படுக்கும்போது விடும் மூச்சைப் போல. எட்டிப் பார்த்தால் கறுத்த தண்ணீரில் குமிழிகள் வெடித்துக்கொண்டிருக்கும். ஆறு மாதம் அதன் அருகே வேலை பார்த்த ஒரு கொத்தன், மீதி வேலையை விட்டுவிட்டுப் போயே போய்விட்டான்.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவன் கனகதாஸ். அவனும் சுந்தரதாசும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது. கனகதாஸ் தினமும் மாலை ஐந்து மணிக்குச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். கருப்பட்டி கரைத்த தண்ணீரை இரண்டு வாளியில் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டாம் தொட்டியின் வாயருகே குந்தி, சிரட்டை அகப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவான். உதடு எதையோ முணுமுணுக்கும். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். அன்றிரவு தொட்டியின் மூச்சு பலமாக இருக்கும்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதிலை வைத்திருந்தான்.

"உள்ள ஒரு வாதை கெடக்கு. அதுக்கு உள்ள பங்காக்கும் இது. இதுல ஒரு துண்டு எடுத்து வாயில போட்டாலும் சரி, எடுத்தவனுக்க வீட்டுக்கு அது தேடி வரும்."

வாதை என்றால் அந்தப் பக்கத்தில் பேய். அதன்பிறகு கருப்பட்டிச் சாக்கை எறும்பு மட்டும்தான் தொட்டது.

சுந்தரதாசுக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் பொருட்டாகத் தெரியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவனுக்கு அடுத்தவனுடைய வாதையைப் பற்றி என்ன கவலை? ஒன்பதாவது வருடம் மனைவி ஷிஜி அவனை ஓட்டுக் கூரை போட்ட ஒரு சிறிய சபைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பத்தாவது வருடம், தொண்ணூற்றைந்து கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு பெண்குழந்தை பிறந்தது. அந்தச் சிவந்த முகத்தைக் கையில் வாங்கிய நிமிடத்தில் அவன் முழு விசுவாசி ஆகிவிட்டான். புது விசுவாசிகளுக்குக் கண் கூர்மையாகிவிடும். அடுத்தவர்களின் பாவம் தூரத்திலேயே தெரியும். பன்னிரண்டு வருடக் கூட்டாளி மாலையானால் பேய்க்குப் படையல் போடுகிறான், அதற்குக் கம்பெனியே கருப்பட்டி வாங்கிக் கொடுக்கிறது என்பது அவனுக்குத் தாங்கவில்லை.

மேனேஜர் கிருஷ்ணன்குட்டி அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். சுந்தரதாஸ் நேரே அவரிடம் போய்ச் சொன்னான். அவர் தொட்டிகள் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"மணம் போயல்லோ. பின்னே எந்தினா ஈ பூஜை?"

நாற்றம்தான் போய்விட்டதே, பிறகு பூஜை எதற்கு? அவருடைய கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாள்கள் ஆபீஸ் அலமாரியில் ஒரு கட்டாகக் கிடந்தன. அதைப் பிரித்துப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, சுந்தரதாசுக்கும் தோன்றவில்லை. மறுநாளே கனகதாசை ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தொட்டிகள் சுந்தரதாசின் பொறுப்புக்கு வந்தன.

கனகதாஸ் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றான். முகம் கடுத்திருந்தது.

"நீயா சொன்ன?"

"நான்தான் சொன்னேன். பேய்க்குப் படையல் போடப்பிடாது."

கனகதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, இளக்காரமாக ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"சரி. கொடுக்காம இருந்து பாரு. அது அங்க கெடக்காது. வெளிய வரும்."

அதோடு போனவன்தான். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சக் கருப்பட்டியைச் சுந்தரதாஸ் கான்டீனுக்குக் கொடுத்துவிட்டான். ஒரு மாதம் எல்லோரும் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். முதல் நாள் பயந்து பயந்து குடித்தவர்கள் மூன்றாம் நாள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள்.

தொட்டியின் மூச்சு நாளுக்கு நாள் குறைந்தது. சுந்தரதாஸ் தினமும் மாலை ஐந்து மணிக்கு, கனகதாஸ் குந்திய அதே இடத்தில் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினான். முதலில் சத்தம் இடைவிட்டு வந்தது. பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஆனது. தை பிறந்து பத்து நாள் கழிந்தபோது சத்தம் அடியோடு நின்றுவிட்டது. அவன் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தான். தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. தன் முகம்தான் கீழேயிருந்து தன்னைப் பார்த்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னான். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்கவும் தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு நண்பகலில் சௌதாமினி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சௌதாமினி கம்பெனியில் பால் டின்கள் கழுவிப் பெருக்குகிறவள். சுந்தரதாசின் அடுத்த வீட்டுக்காரி. அவள் கணவன் பாலையன் ரப்பர் வெட்டுகிறவன். இரண்டு வீடும் கம்பெனிக்குக் கீழே சரிவில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரே கிணறு.

"அண்ணா, வந்து பாருங்க. அது மூணாம் தொட்டிக்கு மாறி வந்துட்டு."

"எது?"

"எதுன்னு நான் எப்பிடிச் சொல்ல? வந்து பாருங்க."

மூன்றாம் தொட்டித் தண்ணீர் எப்போதும் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். இப்போது அதன் அடியிலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பி வந்தது. ஒரு தலையளவு இருந்தது. மேலே வந்ததும் மெல்லப் புரண்டது. அதன்மேல் படர்ந்திருந்த வழுவழுப்பான இழைகள் தண்ணீரில் விரிந்தன. சிறுசிறு குமிழிகளாகச் சீறி உடைந்து, வந்த வழியே அடிக்குப் போயிற்று. அது போன இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. அதற்கப்பால் ஒன்று. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு காகம் சாவகாசமாகக் கரைந்தது. சுந்தரதாஸ் இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

ஆனால் சௌதாமினி பார்த்துக்கொண்டு நிற்கிறாளே. அவன் மூங்கில் கழியை எடுத்து, இயேசுவின் நாமத்தில் போ, போ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக அடித்து உடைத்தான். உடைத்தது அடங்கும், பத்து நிமிடத்தில் திரும்ப எழும்பும். அன்றிலிருந்து தினமும் மதியம் அவனுக்கு இதே வேலை. கம்பெனிக்குள் பேச்சுப் பரவியது. சோறு கிடைக்காமல் இரண்டாம் தொட்டியை விட்டு மூன்றாம் தொட்டிக்கு வந்துவிட்டது, இனி வாய்க்கால்தான், வாய்க்காலுக்குப் பிறகு ஊர்தான் என்றார்கள். சுந்தரதாஸ் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கே நன்றாக வரவில்லை.

சௌதாமினிக்கு நாலு மாதத்தில் ஓர் ஆண்குழந்தை இருந்தது. நிபின் என்று பெயர். அவள் வேலைக்கு வந்துவிடுவதால், பாலையனின் அக்கா பால்பொடி கலக்கிப் புட்டியில் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். பங்குனி பிறந்த இரண்டாம் நாள் அந்தக் குழந்தை காலையிலிருந்தே பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அழுகையும் இல்லை. மதியம் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஜீப் பிடித்து ஏற்றினார்கள். ஜீப் மெயின்ரோட்டைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

சுந்தரதாஸ்தான் குழந்தையைப் பாலையன் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் கிடத்தினான். அப்போது அந்த உதட்டைப் பார்த்தான். நாவல்பழம் தின்ற வாய்போல நீலம் பாரித்திருந்தது. விரல் நகங்களும் அதே நிறம். ஜலதோஷம் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள் ஊரார். வேறு சிலர் கம்பெனி இருந்த மேட்டை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சௌதாமினி கிணற்றடியில் அவனை நிறுத்தினாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அண்ணா, நீங்க வேதம் படிக்கிற ஆளாக்கும். பொய் சொல்ல மாட்டீங்க. அதுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததுனாலயா அது எனக்க பிள்ளைய எடுத்துச்சு?"

"இல்ல சௌதாமினி. அந்தத் தொட்டிக்குள்ள ஒண்ணும் கெடையாது. அது பிசாசுக்க பொய். உனக்க பிள்ளைய ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு. சமாதானமா இரு."

அவள் அதை நம்பினாள். நம்பினதால்தான் நாலாம் நாள் சோறு உண்டாள், பத்தாம் நாள் வேலைக்கு வந்தாள். தன் வார்த்தை ஒருத்தியை எழுப்பி நிறுத்தியதே என்று சுந்தரதாசுக்கு அன்று மனம் நிறைந்திருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஷிஜிக்கு மார்பில் கட்டி வந்து கீறவேண்டி வந்தது. அதுவரை தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைக்குப் பால்பொடி வாங்கினார்கள். நிபின் போனதிலிருந்து ஷிஜிக்கு எல்லாவற்றிலும் பயம். கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை காய்ச்சினால் போதாது என்று, கொதிக்கவைத்து ஆறவைத்து மறுபடி கொதிக்கவைத்து, மூன்று தடவை காய்ச்சினாள். ஒரு குடம் தண்ணீர் கால் குடமாக வற்றும். அந்தத் தண்ணீரில்தான் பால் கலக்கினாள். இதைவிடச் சுத்தமாக ஒரு தாய் என்ன செய்ய முடியும்?

ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை காலையில் ஷிஜி கூப்பிட்ட குரலில் அவன் பல் தேய்ப்பதை விட்டுவிட்டு ஓடினான்.

"இஞ்ச பாருங்க. மோளுக்க உதட்டைப் பாருங்க."

அவன் பார்த்தான். அந்த நிறம் அவனுக்குத் தெரியும். நிபினைக் கட்டிலில் கிடத்தியபோது பார்த்த அதே நிறம். குழந்தை அழவில்லை. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தபடி, குட்டிகுட்டியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவன் குழந்தையை அள்ளிக்கொண்டு சபைக்குத்தான் ஓடினான். பாஸ்டர் குழந்தையின் தலையில் எண்ணெய் வைத்து ஜெபம் பண்ணினார். அரைமணி நேரம் ஆயிற்று. நகங்கள் இன்னும் கறுத்தன. ஷிஜி கீறின மார்பைக் கையால் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்திருந்தாள். அவள் குழந்தையை அவன் மடியிலிருந்து எடுத்தாள்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவன் எழுந்து அவள் பின்னால் ஓடினான். வழியில் கிடைத்த ஆட்டோவில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டோ குலுங்கின ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். ஆண்டவரே, ஒன்பது வருடம் கேட்டு வாங்கினது என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

டாக்டரம்மா குழந்தைக்கு மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார். நிறம் மாறவில்லை. பிறகு குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அது சிவப்பாக வரவில்லை. கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் வந்தது. ஒற்றுத்தாளில் வைத்து வீசிப் பார்த்தார். காய்ந்தும் அதே நிறம்தான். சுந்தரதாஸ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிள்ளைக்கு எந்த வெள்ளத்துல பால் கலக்குறீங்க?"

"கிணத்து வெள்ளந்தான் டாக்டரே. மூணு தடவை காய்ச்சுவேன்" என்றாள் ஷிஜி.

"கிணத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு? மாட்டுத்தொழுவம்? உரக்கிடங்கு?"

"மேல கம்பெனி உண்டு. ரப்பர்பால் கம்பெனி" என்றான் சுந்தரதாஸ். "அதுக்க தொட்டி வெள்ளம் பக்கத்துலதான் ஊறும். ஆனா சுத்தமான வெள்ளமாக்கும், டாக்டரே. மணமே கெடையாது."

டாக்டரம்மா அவனை ஒரு நிமிடம் பார்த்தார்.

"மணம் இருக்காது. நைட்ரேட்டுன்னு ஒரு உப்பு. நிறமும் கெடையாது, மணமும் கெடையாது. பெரிய ஆளுங்க குடிச்சா ஒண்ணும் தெரியாது. கைக்குழந்தைக்குள்ள போனா ரத்தத்தை மூச்சைப் பிடிக்க விடாது. காய்ச்சினா உப்பு போவாது. வெள்ளம் வத்த வத்த உப்புதான் கூடும்."

ஷிஜி தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நீல மருந்தை ஊசியில் ஏற்றி மெல்ல மெல்ல உள்ளே செலுத்தினார்கள். நீலம் பாரித்த பிள்ளைக்கு நீல மருந்தா என்று அவன் டாக்டரம்மாவைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போயிற்று. முதலில் காது மடல் சிவந்தது. பிறகு உதடு. பிறகு குழந்தை வாயைத் திறந்து, ஆஸ்பத்திரியே கேட்கும்படி வீறிட்டு அழுதது. கொஞ்சநேரத்தில் சுற்றியிருந்த துணியில் மூத்திரம் போயிற்று. அது பச்சைநீலமாக இருந்தது. மருந்துதான், பயப்படவேண்டாம் என்றாள் நர்ஸ். சுந்தரதாஸ் அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான்.

அழுது ஓய்ந்ததும் அவனுக்கு நிபினின் உதடு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அழுகை வரவில்லை.

மறுநாள் காலையில் நேராக ரோலர் ஷெட்டுக்குப் போனான். கனகதாஸ் ஷீட்டை ரோலருக்குள் விட்டுக்கொண்டிருந்தான். சுந்தரதாசின் முகத்தைக் கண்டதும் மெஷினை நிறுத்தினான்.

"எலே, அந்தத் தொட்டிக்குள்ள என்னவாக்கும் கெடக்கு? சத்தியமாச் சொல்லு."

கனகதாஸ் கையைத் துடைத்துக்கொண்டான்.

"பூச்சி" என்றான். "கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மொதத் தொட்டியில காத்து அடிக்கறோம் இல்லியா, அங்க உள்ள பூச்சி அமோனியாவைத் தின்னு உப்பாக்கிப் போடும். அதோட மணம் போயிரும், ஆனா உப்பு கெடக்கும். ரெண்டாம் தொட்டியில காத்தே கெடையாது. அங்க உள்ள பூச்சிக்கு மூச்சு முட்டும். முட்டும்போ அது அந்த உப்பைப் பிச்சு, அதுக்குள்ள உள்ள மூச்சைப் பிடுங்கிக் குடிக்கும். பாக்கி வெறும் காத்தா மேல வரும். அதாக்கும் அந்தச் சத்தம். அந்த வேலை செய்ய அதுக்குத் தீனி வேணும். சக்கரையோ கருப்பட்டியோ தினமும் கொடுக்கணும்னு இன்ஜினியர் சொல்லிட்டுப் போனாரு. தீனி இல்லேன்னா உப்பு மூணாம் தொட்டிக்குப் போவும், அங்க மண்டிக்குள்ள உள்ள பூச்சி அதுல கொஞ்சத்தைப் பிச்சா அந்தக் காத்து மண்டியைக் கட்டி கட்டியா மேல தூக்கும்."

"நீ மந்திரம் சொன்னியே?"

"எண்ணுவேன். ஒரேயடியாக் கொட்டப்பிடாது. எழுபது அகப்பை, ஒவ்வொண்ணுக்கும் பத்து எண்ணணும். நடுவுல பேசினா கணக்கு விட்டுப்போவும்."

"பின்ன வாதைன்னு ஏன் சொன்ன?"

கனகதாஸ் தரையைப் பார்த்தான்.

"பூச்சிக்கு வெச்ச கருப்பட்டின்னு சொன்னா யாரு விடுவா? மொத மாசமே பாதிச் சாக்கைக் காப்பி போட்டுக் குடிச்சிட்டானுவ. வாதைக்குள்ளதுன்னு சொன்னேன், ஒருத்தன் தொடல்ல."

"அதை எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ எனக்கிட்டக் கேக்கல்ல. மேனேஜர்ட்டப் போய்ச் சொன்ன." அவன் குரல் தாழ்ந்தது. "கோவம். பட்டுத் தெரியட்டும்னு இருந்தேன். கிணத்துக்கு ஆகாதுன்னுதான் இன்ஜினியர் சொன்னாரு. பிள்ளையளுக்குன்னு சொல்லல்ல, மக்கா. சொல்லியிருந்தா நான் அப்பவே வந்து உனக்க கால்ல விழுந்திருப்பேன்."

 கனகதாசை அடிக்கவேண்டும் என்றுதான் சுந்தரதாஸ் வந்திருந்தான். ஆனால் எந்தக் கையால் அடிப்பது? பேய் என்று சொன்னவன் அவன். அதை முழுசாக நம்பியவன் இவன். கான்டீனில் காப்பி குடித்தவர்கள்கூடப் பாதிதான் நம்பினார்கள்.

அன்றே கிணற்றின்மேல் தென்னை ஓலையைப் போட்டு மூடி, மேட்டுத்தெருக் குழாயிலிருந்து இரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் சுமந்து வைத்தான். கிணற்றில் செத்த எலி கிடக்கிறது என்று பாலையனிடம் சொன்னான். பொய்தான். கிருஷ்ணன்குட்டியிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினபோது அவர் முகம் வெளுத்துப்போய், அலமாரியைத் திறந்து அந்தத் தாள்கட்டைத் தேடினார். மாலைக்குள் கருப்பட்டி வந்தது.

ஐந்து மணிக்குச் சுந்தரதாஸ் சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டினான். வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டியின் வாயருகே குந்தினான். ஓர் அகப்பை ஊற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு தானாக முணுமுணுத்தது. உள்ளே அசைவில்லை. மறுநாளும் ஊற்றினான். அசைவில்லை. நாலு நாள் ஊற்றினான். சபைக்காரர் ஒருவர் மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்காக அவன் வருத்தப்படவில்லை. அந்தத் தண்ணீர் ஆடாமல் கிடப்பதுதான் அவனைத் தின்றது. அது ஆடாத ஒவ்வொரு நாளும் வாய்க்காலில் என்ன போகிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள், ஐம்பதாவது அகப்பையிலோ என்னவோ, இருட்டுக்குள்ளிருந்து ஒரு 'புளுக்' வந்தது.

அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். இன்னொன்று வந்தது. பிறகு மூன்று சேர்ந்து.  குடி மக்கா, குடி என்று அவன் வாய் சொல்லிற்று.

பின்னால் துடைப்பம் தரையில் உரசும் சத்தம் நின்றது. திரும்பினான். சௌதாமினி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வாளியைப் பார்த்தாள், சட்டையில்லாத அவன் உடம்பைப் பார்த்தாள், தொட்டியின் வாயைப் பார்த்தாள். உள்ளே அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா, உள்ள ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னீங்களே."

பூச்சி, உப்பு, மூச்சு, இன்ஜினியர் என்று சொல்ல எல்லாம் அவனிடம் இருந்தது. எலி என்று இன்னொரு தடவையும் சொல்லலாம். அவள் கண்ணைப் பார்த்தபிறகு அதில் எதுவும் வாயில் வரவில்லை.

"உண்டு" என்றான். "நான்தான் பட்டினி போட்டேன்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். கரைந்தது போக ஒரு சிறு கட்டி அடியில் கிடந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கணும்?"

"அஞ்சு கிலோ கருப்பட்டி."

சௌதாமினி அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.